விரலை மீண்டும் வையுங்கள்

இன்று காலை எட்டரைக்கு
கைரேகை இயந்திரம் என்னைத் தெரியாது என்றது.
இடது சுட்டுவிரலைத் துடைத்து வைத்தேன்.
‘விரலை மீண்டும் வையுங்கள்.’
பின்னால் வரிசை. ஹெல்மெற்றோடு நிரோசிகா:
“என்ன அண்ணை, ஆள் மாறியிட்டீங்களோ?”

ஆறு கிழமையாய் அந்த விரல் நுனி
கம்பியில் கிடந்து தோல் தடித்துப்போனதை
லீசிங் கொம்பனியில் யாருக்குச் சொல்ல?
சொன்னால்
கிற்றார் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லவேண்டும்.

ஐந்து தவணை பிந்திய ஓட்டோ அது.
பாசையூரில், ஐஸ் பெட்டி இறக்கும் இடத்தில் வைத்து
நான்தான் திறப்பை வாங்கினேன்.
அவன் சண்டை பிடிக்கவில்லை.
முன்கண்ணாடியில் இருந்த அந்தோனியாரை மட்டும் கழற்றி
சேர்ட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு நடந்தான்.
பின் ஆசனத்துக்குப் பின்னால், உரச்சாக்கு ஒன்றுக்குள்
இது கிடந்ததை யாட்டில்தான் கண்டேன்.
பொருட்பட்டியலில் எழுதினேன்:
ஸ்பெயார் ரயர் ஒன்று. குடை ஒன்று.
மரச்சாமான், பெறுமதியற்றது, ஒன்று.
முப்பது நாள். அவன் வரவில்லை.
முப்பத்தோராம் நாள் மோட்டார்சைக்கிளில் குறுக்கே கட்டி
கொக்குவிலுக்குக் கொண்டுவந்தேன்.

எனக்கு முப்பத்தெட்டு.
போனில் சுருதி பார்க்கும் முள்
சிவப்பிலேயே நின்று ஆடியது.
பச்சைக்கு வரட்டும் என்று முறுக்க முறுக்க
மெல்லிய கம்பி அறுந்து கன்னத்தில் கோடு போட்டது.
கஸ்தூரியார் வீதியில் போய்
இரண்டு கம்பி வாங்கினேன்.
என்னை எனக்குத் தெரியும்.

போனில் கற்பிக்கிறவன் சிரித்துக்கொண்டே விரல் மாற்றுகிறான்.
‘பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம்.’
நிறுத்துகிறேன். பின்னுக்கு இழுக்கிறேன்.
டேற்றா முடிகிறது.
சீயிலிருந்து ஜீக்கு நான் போய்ச்சேரும் நேரத்தில்
காங்கேசன்துறை ரயில் கொக்குவில் கேற்றைத் தாண்டிவிடும்.
மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டவில்லை;
ரேடியோவைக் கூட்டி வைத்தார். விளங்கியது.

ஆனால் எனக்கு முன்னே ஒருவன் இருந்தான்.
கழுத்துப் பலகையில் வெள்ளைப் புள்ளிகள்,
பிழை அழிக்கும் மையால் வைத்தவை.
பக்கத்தில் குண்டூசியால் கீறிய எழுத்துகள்:
ஈ. ஏ. டீ.
சில இடத்தில் புள்ளியைச் சுரண்டி
ஒரு கட்டம் தள்ளி மறுபடி வைத்திருக்கிறான்.
அவனுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
அவன் பிழைவிட்ட இடங்களில் நானும் பிழைவிட்டேன்.

எஃப்புக்கு மட்டும் புள்ளி இல்லை.
ஒரே விரல் ஆறு கம்பியையும் ஒருமிக்க அமத்தவேண்டும்.
அமத்தினால் இரண்டு ஒலிக்கும்,
மிச்சம் நாலும் தகரத்தில் நகம் இழுத்தமாதிரி.
அவன் அங்கேதான் நின்றிருக்கிறான்.
அல்லது அங்கேதான்
நான் திறப்பை வாங்கினேன்.

நேற்று, வேறொருவரின் தவணைக்காகப் பாசையூர் போனபோது
சந்தையில் திருக்கை நிறுத்துக்கொண்டிருந்தான்.
பெயர் பைலில் இருந்தது. “எமிலியன்” என்றேன்.
தராசைப் பார்த்தபடியே,
“ஓட்டோ போயிட்டுது. இன்னும் என்ன?”
“உங்கட கிற்றார் என்னட்ட இருக்கு.”
கையைத் துடைக்கத் தொடங்கி, பாதியில் மறந்தான்.
“கழுத்து வளையேல்லையே?”
“இல்லை.”
“வாசிக்கிறனீங்களோ?”
“பழகிறன்.”
“எஃப்?”
நான் தலையாட்டியது ஓமா இல்லையா
எனக்கே தெரியவில்லை.
அவன் சிரிக்கவில்லை.
“சனிக்கிழமை வந்து எடுக்கிறன்.”
மீனுக்கு நின்ற அக்கா, “தம்பி, நிறுவை” என்றா.

வியாழன் இரவு. கறண்ட் இல்லை.
புள்ளிகள் தெரியவில்லை; விரலுக்குத் தெரிகிறது.
அமத்துகிறேன். மூன்று கம்பி.
பெருவிரலைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கி,
முழங்கையை விலாவோடு ஒட்டி,
அப்போதும் மூன்றுதான்.
சுட்டுவிரலை எலும்புப் பக்கமாய்ச் சரித்தால்
நாலு. ஒரேயொரு தடவை ஐந்து.
பிறகு மறுபடி மூன்று.

புள்ளி வைக்கும் மை இருக்கிறது,
அதுவும் அலுவலகத்திலிருந்து எடுத்துவந்ததுதான்.
மூடியைத் திறந்தேன். மூடினேன்.

ரேடியோ செத்த மேல்வீட்டில் யாரோ இருமுகிறார்கள்,
காத்திருக்கிறவர்கள் இருமுவதுபோல்.
விரலை எடுத்து, சாரத்தில் துடைத்து
மீண்டும் வைக்கிறேன்.